அம்மா முடிந்து வைத்த ஒண்ணேகால் ரூபாய்: நாகூர் நேர்ச்சையை நான் செலுத்தலாமா?

ஓடம்போக்கி:

அம்மா போய் ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது. போன ஞாயிறு சித்தியும் நானும் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். முதியோர் உதவித்தொகை பாஸ்புக், அப்பாவின் கைக்கடிகாரம், அந்து உருண்டை போட்ட ஒரு கூறைப்புடவை. புடவை மடிப்புக்குள் பச்சைத் துணியில் ஒரு முடிச்சு. விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்தது, உள்ளே ஒரு பெரிய காசும் ஒரு சின்னக் காசும். ஒண்ணேகால் ரூபாய்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அம்மா முதலில் செய்வது துணி கிழிப்பதுதான். மஞ்சள் துணி வைத்தீஸ்வரன் கோயிலுக்கு. வெள்ளைத் துணி வேளாங்கண்ணி மாதாவுக்கு. பச்சை என்றால் நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் நாகூர் ஆண்டவருக்கு. காசை வைத்து முடிந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவாள். அறுவடைக் கூலி கைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கிளம்புவாள். வைத்தீஸ்வரன் கோயில் உண்டியலில் அவள் தகரத்தில் செய்த சின்னக் கால் ஒன்றைப் போட்டது நினைவிருக்கிறது. வேளாங்கண்ணியில் தம்பிக்கு மொட்டை போட்டதும், அவன் அழுத அழுகைக்கு ஒரு மலையாளத்து அம்மா பிஸ்கட் கொடுத்ததும் நினைவிருக்கிறது. நாகூருக்கும் இரண்டு முறை போயிருக்கிறோம். ஆனால் இந்த முடிச்சு மட்டும் போகவில்லை. ஆணியிலிருந்து பெட்டிக்குள் எப்போது போனது என்று தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

எதற்காக நேர்ந்தாள் என்று சித்தியிடம் கேட்டேன். "தம்பி கெணத்துல விழுந்தானே, அப்பன்னு நெனைக்கிறேன்" என்றாள். அது 1986. அவனுக்கு இரண்டு வயது, நான் இரண்டாம் வகுப்பு. சித்திக்கும் உறுதியில்லை. காசு மட்டும்தான் நேர்ந்தாளா, கூடவே மொட்டை, போர்வை, சர்க்கரை என்று வேறு ஏதாவது சொல்லியிருந்தாளா என்பதும் யாருக்கும் தெரியாது.

தம்பியிடம் சொன்னேன். அவன் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவன். "நம்ம சாமிக்கு ஒரு குறையும் இல்ல, தர்காவுக்கெல்லாம் எதுக்கு? குலதெய்வம் கோயில் உண்டியல்ல போட்டுடு, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறான். எல்லாம் ஒன்று என்றால் நாகூரிலேயே போடலாமே என்று கேட்டேன். போனை வைத்துவிட்டான்.

இனி என் நிலைமை. நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கடன் வாங்கியவர் இறந்துபோனால் பிள்ளைகள் வருவார்கள். வாரிசுச் சான்றிதழ், ஆதார், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வாங்கிக்கொண்டு, அசலும் வட்டியும் கட்டினால் நகையைக் கொடுப்போம். அடகு வைத்தது எதற்காக, கல்யாணத்துக்கா வைத்தியத்துக்கா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்கவும் தேவையில்லை. அந்த வேலையே செய்து செய்து எனக்கு எந்தக் கடனும் மூடாமல் கிடந்தால் தூக்கம் வராது.

ஆனால் இது அந்த மாதிரிக் கடன் இல்லையே. அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கு இருக்கிறதா என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல முடியாது. விளக்கேற்றுவேன். கும்பிட்டு நிற்கும்போது கேட்க எதுவும் வாயில் வருவதில்லை, அவ்வளவுதான். பல வருஷமாக அப்படித்தான். நான் போய் நாகூரில் அந்த முடிச்சை வைத்தால், நம்புகிறவர்களுக்கு நடுவில் நடிக்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவர்களுடைய இடத்தை அவமதிக்க எனக்கு விருப்பமில்லை.

இங்கே எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறீர்கள். ஒருவர் நேர்ந்த நேர்ச்சையை இன்னொருவர் செலுத்தலாமா? நம்பிக்கை இல்லாமல் செலுத்தினால் அது செலுத்தியதாகுமா? உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

பகுத்துப்பார்:

அம்மாவை இழந்த துக்கத்தில் இருக்கிறீர்கள், வருந்துகிறேன். என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். கால் ரூபாய் நாணயம் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமல் போய்விட்டது. அதை எந்த உண்டியலில் போட்டாலும் யாருக்கும் பயனில்லை. உங்கள் அம்மா முடிச்சுப் போட்டது பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காக. அதே மாதிரி பிள்ளையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாய்க்கு மருந்துச் செலவைக் கொடுங்கள். அப்பா இறந்தபோது நான் சடங்கு எதுவும் செய்யவில்லை, அவர் படித்த அரசுப் பள்ளிக்கு இரண்டு பெஞ்சு வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். முடிச்சை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், அது அம்மாவின் கை பட்டது.

அலங்காரவாசல்:

சகோதரி, நான் நாகூர்க்காரன். இப்போது வெளிநாட்டில் வேலை. உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன்.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மார்க்கப்படி நேர்ச்சை அல்லாஹ்வுக்கு மட்டும்தான். தர்காவில் அடங்கியிருப்பவரிடம் கேட்பதும், அவர் பெயருக்கு நேர்வதும் சரியில்லை என்பது நான் படித்து வந்த முடிவு. வாப்பா இருந்தவரை எங்களுக்குள் இதில் ஒத்துப்போகவில்லை. அவர் கந்தூரிக்கு, அதாவது தர்காவின் வருடாந்தர விழாவுக்கு, கொடியேறும் அன்று கடையை அடைத்துவிடுவார். சந்தனக்கூடு ஊர்வலம் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி விடியற்காலையில் வந்து சேரும் வரை விழித்திருப்பார். நான் வீட்டுக்குள் படுத்திருப்பேன். அவர் என்னைத் திட்டியதில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் நபியிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். மதீனாவைச் சேர்ந்த ஸஅது இப்னு உபாதா என்ற நபித்தோழர். என் தாய் ஒரு நேர்ச்சை நேர்ந்திருந்தார், நிறைவேற்றாமலே இறந்துவிட்டார், நான் என்ன செய்வது என்று கேட்டார். அவர் சார்பில் நீ நிறைவேற்று என்பதுதான் பதில். புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் இந்தச் செய்தி இருக்கிறது. அந்தத் தாய் நேர்ந்தது என்ன என்று அந்த அறிவிப்பில் இல்லை. நோன்பா, தர்மமா, அடிமையை விடுதலை செய்வதா என்று பின்னால் வந்த அறிஞர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவுடையதும் அப்படித்தானே, என்னவென்று தெரியாமல் நிற்கிறது.

இன்ன காரியம் என்று குறிப்பிடாத நேர்ச்சைக்குச் சத்தியத்தை முறித்ததற்கான பரிகாரமே போதும் என்று சொல்கிற ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், உண்டு. அது பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது, குர்ஆனில் ஐந்தாம் அத்தியாயத்தில் வருகிறது. அதே ஸஅது தன் தாய்க்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டபோது 'தண்ணீர்' என்று பதில் வந்ததாகவும், அவர் ஒரு கிணறு வெட்டி இது என் தாய்க்காக என்று சொன்னதாகவும் இன்னொரு அறிவிப்பு உண்டு.

எங்கள் ஊரை அவமதிப்பீர்களோ என்ற பயத்தை விட்டுவிடுங்கள். எசமான், அதாவது நாகூர் ஆண்டவர், தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கருடைய நோயைத் தீர்த்தார் என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மன்னருக்குச் சூனியம் வைக்க ஊசி குத்தி ஒளித்து வைத்திருந்த புறாவைக் கண்டுபிடித்து ஊசிகளைப் பிடுங்கினாராம், அதனால்தான் தர்காவில் இன்றும் நேர்ந்துகொண்டவர்கள் புறா விடுகிறார்கள். ஐந்து மினாராக்களில் பெரியதை, 131 அடி உயரம், கட்டிக் கொடுத்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங். என் சிறு வயதில் எங்கள் தெரு வழியாகக் குளத்துக்கு மொட்டையடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் பாதிக்கு மேல் உங்கள் அம்மா மாதிரி நெற்றியில் பொட்டு வைத்தவர்கள்தான். எங்கள் உம்மா அவர்களுக்குத் திண்ணையில் தண்ணீர் வைப்பார். நம்பிக்கை இருக்கிறதா என்று யாரையும் கேட்டதில்லை.

போவதானால் வியாழன் மாலை வேண்டாம், எங்களுக்கு அது வெள்ளி இரவு, கூட்டம் நெரியும். திங்கள், செவ்வாய் காலையில் போங்கள். தலையில் முந்தானை போட்டுக்கொண்டால் போதும். தர்காவில் ஓதிக் கொடுக்கும் சாபுமார்கள், பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதச் சொல்லிக் கேட்பார்கள், எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பத்துப் பேருக்குச் சோறு போடுவேன். வாப்பா உங்கள் இடத்தில் இருந்தால் நேரே தர்காவின் அலங்கார வாசலுக்குப் போயிருப்பார். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

மெழுகுதிரி:

நான் திருச்சி. கத்தோலிக்கக் குடும்பம். உங்கள் அம்மா வெள்ளைத் துணியில் மாதாவுக்கு முடிந்தார் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மாமியார் ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். என் கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு சரியானால் வேளாங்கண்ணியில் முழங்காலில் நடப்பதாக. பேராலயத்திலிருந்து மாதா குளம் வரை மணல் பாதை இருக்கிறதே, அதில். இவருக்குச் சரியானது. ஆனால் அதற்குள் மாமியாருக்கு மூட்டுத் தேய்ந்து நிற்கவே முடியாமல் போய்விட்டது, அப்புறம் காலமாகிவிட்டார். நாங்கள் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் திருச்சபைச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். 1193-ஆம் சட்டம். நேர்ச்சை அதன் இயல்பிலேயே அதை நேர்ந்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். உயிரோடு இருந்து முடியாமல் போனால்கூடப் பங்குத்தந்தை தகுந்த காரணத்துக்காக விலக்குக் கொடுக்கலாமாம். ஆக, எங்கள் பக்கத்துப் பதில் உங்களுக்கு எந்தக் கடனும் இல்லை என்பதுதான். அம்மாவோடு அது முடிந்தது.

சாமியார் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் என் கணவர் அடுத்த மாதமே வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார். செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டமெல்லாம் ஓய்ந்த நேரம். வெயில் ஏறுவதற்கு முன்னால் தொடங்கியும் பாதி தூரத்தில் முட்டி தோல் உரிந்துவிட்டது. நான் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நடந்தேன். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா மஞ்சள் புடவை, வேப்பிலை மாலையோடு முழங்காலில் போய்க்கொண்டிருந்தார், சமயபுரத்துக்காரரோ என்னவோ. போய்ச் சேர்ந்ததும் இவர் செபமாலையைக்கூட எடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்து, "அம்மாவுக்கு இது ரொம்ப வலிச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். இவர் பூசைக்கு ஒழுங்காக வருகிற ஆளே இல்லை. அது நடிப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

கட்டாயம் இல்லை என்று தெரிந்த பிறகு போவது வேறு மாதிரி இருக்கும் அக்கா. அதனால்தான் சட்டத்தை முதலில் சொன்னேன்.

ஓடம்போக்கி:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அலங்காரவாசல் அண்ணா, ஸஅது கேட்ட கேள்வியைப் படித்துவிட்டு ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகன் இதே கேள்வியோடு நின்றிருக்கிறான். மெழுகுதிரி, எனக்குக் கடன் இல்லை என்று நீங்கள் சொன்னதும் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெண்ணாறு:

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். சைவக் குடும்பம். அம்மா, நாம் இதை நேர்த்திக்கடன் என்று சொல்கிறோம். சொல்லிலேயே கடன் இருக்கிறது. உங்களுக்கு நிம்மதி வராததற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணமாக இருக்கலாம். கடன் என்றால் தமிழில் திருப்பிக் கொடுக்க வேண்டியது மட்டும் இல்லை, செய்ய வேண்டிய முறைமையும்தான். அப்பர் பெருமான் கடம்பூர்க் கரக்கோயிலில் 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்று பாடினார். தாங்குவது அவன் முறை, பணி செய்வது என் முறை. இதில் அசலும் இல்லை, வட்டியும் இல்லை. நீங்கள் ஆபீசில் பார்க்கும் கடனோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நேர்ந்து காசை முடிந்து வைத்தது அம்மாவின் கடன். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது உங்கள் கடன். அதற்குக் கால் ரூபாய் செல்லுமா செல்லாதா என்பதும், உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதும் தடையாகாது என்பது என் எண்ணம்.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். கோபமாக இல்லாமல் கேளுங்கள். எருமேலியில் பேட்டை துள்ளி ஆடிப் போகும்போது, ஐயப்பனின் முஸ்லிம் தோழரான வாவர் பெயரில் இருக்கும் பள்ளிவாசலுக்குப் போகாமலா அவர் மலை ஏறுகிறார்? நான் பதினோரு முறை போயிருக்கிறேன். பள்ளியைச் சுற்றி வந்து காணிக்கை போட்டுவிட்டுத்தான் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். மேலே சன்னிதானத்திலும் வாவருக்கு ஒரு நடை உண்டு. அவருக்கு இது புதிது இல்லை.

ஓடம்போக்கி:

போய்வந்துவிட்டேன். எழுதுவதாகச் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். சித்தியும் வந்தாள். திருவாரூர், நாகப்பட்டினம், அங்கிருந்து நாகூர் டவுன் பஸ். நாகப்பட்டினம் தாண்டியதும் மினாரா கண்ணில் படுகிறதா என்று சித்தி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்காவுக்குப் போகும் கடைத்தெருவில் தகட்டுக் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கண், கை, கால், வீடு, தொட்டில், படகு. வைத்தீஸ்வரன் கோயிலில் அம்மா போட்ட அதே கால். வேளாங்கண்ணிக் கடைகளிலும் இதேதான் தொங்கும். ஒரே பட்டறையில் அடித்து மூன்று ஊருக்கும் போகிறதோ என்று சித்தியிடம் கேட்டேன். "வலி எங்கயும் ஒண்ணுதானே, தகடு மட்டும் வேறயாவா இருக்கும்" என்றாள்.

உள்ளே ஒரு வயதான சாபு. யார் பெயருக்கு என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். இறந்துவிட்டார்கள் என்றதும் மயிலிறகைக் கீழே வைத்துவிட்டு, தானே பாத்திஹா ஓதினார். அர்த்தம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கேட்பதற்கு வழக்கம்போல எதுவும் வரவில்லை. ஆனால் அம்மாவின் சேதி ஒன்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கிற ஆளாக அங்கே நிற்க முடிந்தது. அதில் நடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

முடிச்சை அவர் பிரிக்கச் சொன்னார். காசை மட்டும் உண்டியலில் போட்டுவிட்டுத் துணியை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார். என் நகத்துக்கு அவிழவில்லை, சித்திதான் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். பழைய பெரிய ஒரு ரூபாய் ஒன்று, காண்டாமிருகம் போட்ட கால் ரூபாய் ஒன்று. வேலை பழக்கம், கையில் வந்த நாணயத்தைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. கால் ரூபாயில் 1990 என்று இருந்தது.

தம்பி கிணற்றில் விழுந்தது 1986. அதற்கு நான்கு வருஷம் கழித்து அடித்த காசு இது.

1990-இல் எனக்கு டைபாய்டு. பதினோரு வயது. இருபத்திரண்டு நாள் திருவாரூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், தலைமுடி எல்லாம் கொட்டிப் போனது. அப்புறம் அப்பாவுக்கு வேலை போய், வீடு மாறி, இரண்டு வருஷம் சோற்றுக்கே கஷ்டப்பட்டோம். ஆணியிலிருந்து முடிச்சு இறங்கியது அப்போதுதானாக இருக்கும். எனக்காகத்தான் நேர்ந்தாள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். 1990-க்குப் பிறகு எதற்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சித்தி மட்டும் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

இரண்டு காசையும் போட்டேன். செல்லாத காசு என்று அந்த உண்டியல் திருப்பித் தரவில்லை. வெளியே வந்து பத்துப் பேருக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினோம், அலங்காரவாசல் அண்ணா சொன்னபடி. பதினொன்றாவதாக ஒரு பாட்டி கை நீட்டினாள், அவளுக்கும் வாங்கினோம். அடுத்து, வரும் பங்குனியிலிருந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் அம்மா பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பகுத்துப்பார், அது உங்கள் பெஞ்சு மாதிரி இருக்கட்டும்.

ராத்திரி தம்பிக்குப் போன் செய்து காசில் இருந்த வருஷத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குக் காய்ச்சல் வந்தப்ப என்னை சித்தி வீட்டுல விட்டுட்டுப் போயிட்டா. அம்மா வர்றாளான்னு தெனமும் வாசல்ல உக்காந்திருந்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கு" என்றான். எருமேலி பற்றி நான் கேட்கவே இல்லை. தண்ணீர்ப் பந்தலுக்குப் பானை அவன் வாங்கித் தருகிறானாம்.